மோசஸின் வால்முடி

அன்புள்ள அப்பாவுக்கு,

முட்டி வலி இப்போது தேவலையா? ஆர்கன்சாவில் மழை விட்டதா? நான் மின்னசோட்டாவில் வேளைக்குச் சாப்பிட்டு, காகித ஆலைக்குப் போய் வருகிறேன்.

நீங்கள் அனுப்பிய பொட்டலம் கிடைத்தது. அந்தச் செம்பட்டை முடி நம் நாய் மோசஸின் வாலிலிருந்து கத்தரித்தது என்று பார்த்ததுமே தெரிந்துகொண்டேன். அன்றே மீனை ஏமாற்ற, தூண்டில் முள்ளில் ஒரு மிதக்கும் பொய்ப்பூச்சி கட்டினேன். மான்முடி சீக்கிரம் ஊறிவிடுகிறது என்று பூச்சியின் உடலுக்குப் பழைய ரப்பர் செருப்பைச் செதுக்கிக்கொண்டேன். வாலுக்கு இறகைவிட நாய்முடிதான் தண்ணீரில் உயிருள்ளதுபோல் அசைகிறது. அதனால் எல்லா முடியையும் அந்த ஒரே பூச்சியில் வைத்துக் கட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஏரியில் ஒரு பெரிய பாஸ் மீன் அதை விழுங்கி, தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு போய்விட்டது. கூட வேலை செய்யும் மார்லிஸ், "நாய் வாலத் தின்ன மீனு இனி குரைக்கப்போவுது பாருடி!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

"போனாப் போவுது. மோசஸ்கிட்ட வால் நெறைய முடி இருக்கு" என்று நானும் சிரித்தேன்.

நேற்று தங்கை டெலா போனில், "அப்பா ஒங்கிட்ட சொல்லலையாக்கா? மோசஸ் செத்துப்போச்சு. பொதைக்கிறதுக்கு முன்னாடி ஒனக்குன்னுதான் அந்த முடிய வெட்டுனாரு" என்றாள்.

நான் கொஞ்சமாவது மிச்சம் வைத்திருக்கலாம், அப்பா.

நீங்கள் வருத்தப்படாதீர்கள். எனக்குத் தடித்த காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள். மோசஸைச் சீவிவிடும் பிரஷ்ஷை இன்னும் கழுவாமல் இருந்தால், அப்படியே அதையும் சேர்த்து வையுங்கள். ஆலைப் பேருந்து வந்துவிட்டது.

உங்கள் மகள்,
ரோவீனா