பெயிலாக வேண்டிய பரீட்சை

அம்பத்தூர்

அன்புள்ள கஸ்தூரிக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

கண் புரையோடு கணக்கு வேலையை எத்தனை நாள் ஓட்டுவது? குமணன்சாவடியில் முதியோருக்கான இலவசக் கண் முகாமுக்குப் போனேன். தப்பாகப் படித்துவிடுவேனோ என்ற பயத்தில், வரிசையில் நிற்கும்போதே கண் சோதனைப் பலகை எழுத்துகளை நல்ல கண்ணால் பார்த்து மனப்பாடம் செய்துவிட்டேன். புரைக் கண்ணைச் சோதித்தபோது கடகடவென்று ஒப்பித்தேன்.

"கண்ணு நல்லாகீது தாத்தா, ஊட்டுக்குப் போங்க" என்றார் நர்ஸ்.

திணறியபடி உண்மையைச் சொன்னேன். பின்னால் நின்றவர், "இன்னா பெருசு, இதுல பெயிலானாத்தான்யா ஆபரேசனு!" என்றார். முகாமே சிரித்தது, நானும்தான்.

வெள்ளிக்கிழமை ஆபரேஷன். சின்னதுதான், பயப்படாதே. சொட்டு மருந்து விட வீட்டு ஆள் வேண்டுமாம். என் பழைய துண்டை எடுத்துக்கொண்டு வா. உன்னைக் கேட்காமலே, மனைவி என்று உன் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

கம்பெனி பஸ் வந்துவிட்டது.

வேலுசாமி