இரண்டிலும் இல்லாத வரி

ஜூன் 9

அன்புள்ள சித்திக்கு,

உன் ஆஸ்தான வாசகி எழுதுவது. போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே அம்மா பிடுங்கிக்கொள்கிறாள். நான் சொல்ல நினைத்ததெல்லாம் மிச்சமாகிவிடுகிறது. கடிதத்தை யாரும் பாதியில் பிடுங்க முடியாது, அதனால் எழுதுகிறேன்.

நீ வேலைக்கு அந்த நகரத்துக்குப் போய் ஒரு வருஷமும் ஒன்பது நாளும் ஆகின்றன. "ஒரு வருஷம்னு சொல்லிட்டுத்தானே போனா? அந்த ஊர்ல வருஷத்துக்கு எத்தனை மாசம்னு கேட்டு எழுது" என்று அம்மா சொல்லச் சொன்னாள். கோபமாகத்தான் சொன்னாள். ஆனால் சொன்ன பிறகு உன் தட்டைத் துடைத்து மறுபடி அலமாரியில் வைத்தாள்.

உன் மொழிபெயர்ப்புக் கடையைச் சனிக்கிழமைதோறும் திறந்து கூட்டுகிறேன். நீ பேனாவால் தட்டித் தட்டி மேசையில் விழுந்த பள்ளம் அப்படியே இருக்கிறது. நீ மொழிபெயர்த்ததை நான் சத்தமாகப் படிப்பேன், நீ மூலத்தில் விரல் ஓட்டிக்கொண்டே வருவாய், சரியென்றால் ஒரு தட்டு, தப்பென்றால் இரண்டு தட்டு. கமா, முற்றுப்புள்ளியைக்கூட நான் வாய்விட்டுச் சொல்வேனே! வகுப்பில் பாடத்தையும் அப்படியே படித்துவிட்டேன். ஒரு வாரம் என்னைக் 'கமா' என்று கூப்பிட்டார்கள்.

புவியியல் டீச்சர் ஒரு கட்டுரை கொடுத்திருக்கிறார். உலகத்தில் வணிகச் சேவை அலுவலகங்கள் ஏன் சில நகரங்களிலும் சில நாடுகளிலும் மட்டும் குவிந்திருக்கின்றன? எனக்கு இது சொந்த விஷயம் போல இருக்கிறது. தரை ஓடு கனம், அதனால் மண் கிடைக்கிற இடத்தில் டைல்ஸ் கம்பெனி இருக்கிறது, சரி. காகிதத்துக்குக் கனமே இல்லையே. எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். பிறகு ஏன் அது போய் ஒரே தெருவில் நெருக்கியடித்துக்கொண்டு உட்காருகிறது? நீ அங்கேயே இருப்பதால் உன்னைக் கேட்கிறேன். உடனே எழுது.

உன்,
ஆஸ்தான வாசகி


ஜூன் 20

என் புழுக்குட்டிக்கு (புத்தகத்தை எல்லாம் அரித்து முடித்தாயா?),

சித்தியின் முத்தங்கள். உன் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. காலையில் வந்து உட்கார்ந்தால் சாயங்காலம் வரை குனிந்த தலை நிமிராதவளிடம் உலகத்தைப் பற்றிக் கேட்கிறாய்.

என் அறை மிகச் சிறியது. கட்டிலில் உட்கார்ந்தபடியே கதவைத் திறக்கலாம். துணி உலர்த்த இடமில்லை. அலுவலகத்தில் லிப்ட் ஓடி மூன்று மாதம் ஆகிறது. ஐந்து மாடிக் கட்டடம், நான் நான்காவதில்.

அந்த ஒரு மாடிப்படியை ஒட்டியே ஏழு மொழிபெயர்ப்பு அலுவலகங்கள் இருக்கின்றன. படிக்குக் கீழே ரப்பர் ஸ்டாம்ப் செய்கிறவர், முதல் மாடியில் நோட்டரி வக்கீல், இரண்டாவதில் கப்பல் இன்சூரன்ஸ்காரர்கள். நேற்று ஒரு கப்பல் காகிதத்தில் ஒரு சொல்லுக்கு அர்த்தம் தெரியவில்லை. எந்த அகராதியிலும் இல்லை. படியில் நின்று கத்தினேன். மூன்று கதவு திறந்தது! மூன்று பேரும் மூன்று அர்த்தம் சொல்லி, அவர்களுக்குள் சண்டை வந்து, எல்லோருடைய டீயும் ஆறிப்போய்விட்டது. கடைசியில் சரியான அர்த்தத்தைச் சொன்னவர் யார் தெரியுமா? தபால் கொடுக்க வந்த நோட்டரி ஆபீஸ் பியூன்.

எங்களுக்கு எதிர் அலுவலகத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார். மூக்கில் ஒரு கண்ணாடி, தலையில் ஒரு கண்ணாடி. நான் கண்ணாடி மாமா என்று பெயர் வைத்திருக்கிறேன். எங்கள் அலுவலகத்துக்கு நேர்ப் போட்டிக்காரர். ஆனால் இந்தப் படியில் ஒரு வழக்கம் உண்டு. எழுதியவர் கையெழுத்துப் போடுவதற்கு முன் வேறொரு கதவைத் தட்டி ஒரு முறை படிக்கக் கொடுக்க வேண்டும். போட்டிக்காரராக இருந்தாலும் மறுக்கக் கூடாது. "உன் பார்ட்டியை நான் இழுத்துப்பேன்மா. ஆனா உன் தப்பை வெளிய போக விடமாட்டேன்" என்கிறார்.

அக்காவிடம் சொல், இங்கேயும் வருஷத்துக்குப் பன்னிரண்டு மாதம்தான். சீக்கிரம் வருகிறேன்.

உன்,
சித்தி


ஜூலை 14

அன்புள்ள சித்திக்கு,

கட்டுரைக்குப் பத்துக்கு ஏழு. துறைமுகம், சாலை, சம்பளம், சட்டம், படித்தவர்கள், பேசும் மொழி என்று எல்லாம் எழுதினேன். ஒரு நகரம் உலகத்துக் கப்பல்களுக்கெல்லாம் இன்சூரன்ஸ் பார்க்கிறது, ஒரு நாடு பல நாடுகளின் தொலைபேசிக்குப் பதில் சொல்கிறது என்றும் எழுதினேன். டீச்சர் சிவப்பு மையில், "எல்லாம் புத்தகம். சொந்த உதாரணம் எங்கே?" என்று போட்டுவிட்டார்.

ஆனால் எனக்கு வருத்தமே இல்லை. ஏன் என்றால் நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். டைல்ஸ் கம்பெனி முதலாளிக்கு வெளிநாட்டிலிருந்து முதல் முறையாக ஒரு ஒப்பந்தம் வந்திருக்கிறது என்று அம்மாவின் மருந்துக்கடையில் பேசிக்கொண்டார்கள். நான் பள்ளிச் சீருடையோடு நேரே போய் அவர் முன்னால் நின்றேன்.

"உங்க சித்திதான் ஊர்லயே இல்லையே பாப்பா?"

"தபால் இருக்கே சார்."

"யாரு சரிபார்க்கிறது?"

"நான்தான் எப்பவும் படிப்பேன் சார். கமாகூட விடமாட்டேன்."

அவர் சிரித்துவிட்டு, "சரியான ஆளு நீ" என்று பதினான்கு பக்கத்தையும் கொடுத்துவிட்டார்! இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நீ செய்து அனுப்பு. நான் படிக்கிறேன், மூலத்தில் அம்மா விரல் ஓட்டட்டும். மருந்துக் கம்பெனிக் காகிதங்களைப் படித்துப் படித்து அவளுக்கு அந்த மொழி ஓரளவு வரும்.

சித்தி, யோசித்துப் பார். ஒரு ஒப்பந்தம் வந்தால் பத்து வரும். காகிதத்துக்குக் கனமில்லை. நீ இங்கேயே இருக்கலாம்.

உன்,
ஆஸ்தான வாசகி


ஜூலை 27

என் செல்லப் புழுவுக்கு,

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் முடித்துவிட்டேன். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு செய்தேன். கண்ணாடி மாமாவிடம் காட்டவில்லை. இது நம் கடை வேலை. நாமே முடித்தால்தான் கடைக்கு மரியாதை என்று தோன்றியது.

நீ சொல்வதுபோல் பத்து வந்தால் வருஷக் கடைசிக்குள் வந்துவிடுகிறேன். அக்காவிடம் சொல், சந்தோஷப்படுவாள்.

மேசைப் பள்ளத்தை ஆழமாக்கிவிடாதீர்கள்.

உன்,
சித்தி


செப்டம்பர் 6

அன்புள்ள சித்திக்கு,

எப்படி எழுதுவது என்று மூன்று தாள் கிழித்துவிட்டேன். முதலில் எல்லோரும் நலம்.

டைல்ஸ் கம்பெனி அனுப்பிய சரக்கை வாங்குபவர்களின் ஆள் துறைமுகத்திலேயே பார்த்து மறுத்துவிட்டாராம், எல்லாம் திரும்பி வந்துவிட்டது. நான் பள்ளிவிட்டு வரும்போது இறக்கிக்கொண்டிருந்தார்கள். நானும் அம்மாவும் ஓடினோம்.

ஒப்பந்தத்தில் ஒன்பதாவது பிரிவு, "தரம் இணைப்பு மூன்றில் கண்டபடி" என்று இருந்தது நினைவிருக்கிறதா? நான் அதைத் தெளிவாகப் படித்தேன். மூலத்திலும் அதேதான் இருந்தது. அம்மா ஒரு தட்டுத் தட்டினாள். ஆனால் அந்த இணைப்பு மூன்று அவர்கள் அனுப்பிய காகிதங்களிலேயே இல்லை! அதில்தான் நிறத்தில் சாயல் வித்தியாசம் இருந்தால் திருப்பி அனுப்புவோம் என்று இருக்கிறதாம். இங்கே யாருக்கும் தெரியாது. முதலாளி கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அவர் கத்தவில்லை சித்தி. கத்தியிருந்தால் தேவலை. "இருந்ததை எல்லாம் ஒழுங்காத்தான் மாத்தியிருக்கீங்க பாப்பா. இல்லாததைத்தான் யாரும் கேக்கல. நானும் கேக்கல" என்று சொல்லி ஒரு டைலை எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு எல்லாம் ஒரே நிறமாகத்தான் தெரிந்தது.

அந்த வேலையைப் போய் வாங்கி வந்தவள் நான். திட்டி எழுது.

உன்,
வாசகி


செப்டம்பர் 13

கண்ணே,

உன்மேல் ஒரு தப்பும் இல்லை. தப்பு முழுவதும் என்னுடையது. என்னிடம் இருந்த ஒப்பந்த நகலைக் கொண்டுபோய்க் கண்ணாடி மாமாவிடம் கொடுத்தேன். அவர் தலைக் கண்ணாடியை மூக்குக்கு இறக்கக்கூட இல்லை. நான்கு தாள் புரட்டிவிட்டு, "மூணாவது இணைப்பு எங்கம்மா?" என்றார். இந்த மாதிரி இருநூறு ஒப்பந்தம் பார்த்திருக்கிறாராம். ஏன் முன்பே கதவைத் தட்டவில்லை என்று கேட்டார்.

முதலாளிக்குத் தனியாக மன்னிப்புக் கடிதம் எழுதியிருக்கிறேன். வாங்குபவர்களிடம் பேச நோட்டரி வக்கீல் உதவுவதாகச் சொல்லியிருக்கிறார்.

நான் வேலையை விடுவதாக முடிவு செய்துவிட்டேன். அடுத்த மாதம் ஊருக்கு வருகிறேன். உன்னை நம்பவைத்துவிட்டு இங்கே உட்கார்ந்திருப்பது நியாயமில்லை. ஒரு வருஷம் என்று சொன்னேன், சொன்னபடி நடந்துகொள்ள வேண்டும். கடையைத் திறந்துவை.

சித்தி


செப்டம்பர் 22

என் அன்புச் சித்திக்கு,

இதை நிதானமாகப் படி. படியில் நின்றுகொண்டு படிக்காதே.

நோட்டரி வக்கீல் பேசியதில் பாதிச் சரக்கை எடுத்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டார்கள். முதலாளி நேற்று மருந்துக்கடைக்கே வந்து சொன்னார். மீதியை இங்கேயே விற்றுவிடுவாராம். நம் பள்ளி வராந்தாவுக்கு அதில்தான் போடப்போகிறார்கள். தினமும் அதன்மேல் நடந்து போக வேண்டும். நடப்பேன்.

உன் கடிதம் வந்த அன்று அம்மா, "வராளா!" என்று இரண்டு முறை கேட்டாள். நான் உன் பழைய கடிதங்களை எல்லாம் கடைக்கு எடுத்துப் போனேன். அம்மாவும் வந்தாள். நம் வழக்கப்படி சத்தமாகப் படித்தேன். சிறிய அறை, கமா. துணி உலர்த்த இடமில்லை, முற்றுப்புள்ளி. லிப்ட் ஓடவில்லை. இதெல்லாம் ஒவ்வொரு வரி. ஆனால் அந்த மாடிப்படி வந்தால் உனக்குப் பக்கம் போதவில்லை. 'மூன்று கதவு திறந்தது' என்ற இடத்தில் நீ ஆச்சரியக்குறி போட்டிருக்கிறாய். நீ ஆச்சரியக்குறி போடவே மாட்டாய், என்னையும் போட விடமாட்டாய்.

அப்போதுதான் எனக்கு டைல்ஸ் ஒப்பந்தம் நினைவுக்கு வந்தது. இரண்டு காகிதத்தை ஒப்பிட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். இரண்டிலும் இல்லாதது தெரியாது. உன் கடிதங்களிலும் இல்லாமல், என் கடிதங்களிலும் இல்லாமல் ஒரு வரி இருக்கிறது. நீ எழுதினால் நாங்கள் வருத்தப்படுவோம் என்று நீ எழுதவில்லை. நான் எழுதினால் உண்மையாகிவிடும் என்று நானும் எழுதவில்லை.

அதை வாய்விட்டுச் சொன்னேன். "சித்தி அங்க சந்தோஷமா இருக்கா."

அம்மா மேசையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

அதனால் வராதே சித்தி. லீவுக்கு வா, உன் தட்டு இருக்கிறது. அம்மா, "பாதி வழியில வந்து நிக்கப் போறா, இன்னைக்கே தபால்ல போடு" என்று அவசரப்படுத்துகிறாள்.

காகிதத்துக்குக் கனமில்லை என்று எழுதினேன் அல்லவா, அது சரிதான். ஆனால் காகிதத்தைப் பற்றிக் கேட்க ஆள் வேண்டும். கத்தினால் திறக்கிற கதவு வேண்டும். கதவு இருக்கிற இடத்துக்குத்தான் இன்னொரு கதவும் வரும். நம் ஊரில் நீ கத்தினால் நான் ஒருத்திதான் வருவேன். எனக்கு நீ சொல்லிக் கொடுத்தது மட்டும்தான் தெரியும். இதை டீச்சரிடம் எழுதிக் கொடுத்தேன். மதிப்பெண் ஏற்கனவே போட்டாகிவிட்டது, மாற்ற முடியாது என்றார். ஆனால் தாளைத் திருப்பித் தரவில்லை, வைத்துக்கொண்டார்.

முதலாளியின் அடுத்த ஒப்பந்தம் நேராக உன் படிக்கு வரும். முகவரியை நான்தான் அவருக்கு எழுதிக் கொடுத்தேன். ஜெராக்ஸ் எடுக்கிற அக்கா ஒருத்தி நம் கடையை வாடகைக்குக் கேட்கிறாள். உனக்குச் சம்மதம் என்றால் கொடுத்துவிடலாம். மேசையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். இந்தக் கடிதத்தை நீ தனியாக முடித்துக்கொள்ளாதே. எதிர்க் கதவைத் தட்டிக் கண்ணாடி மாமாவிடம் கொடு. சத்தமாகப் படிக்கச் சொல். கமாவை அவர் வாய்விட்டுச் சொல்வாரா தெரியவில்லை, கேட்டுப் பார். ஏதாவது விட்டுப்போயிருந்தால் அவர் சொல்லட்டும். எல்லாம் சரியாக இருந்தால் மேசையில் ஒரு தட்டுத் தட்டு.

எனக்குக் கேட்காது. பரவாயில்லை.

உன்,
ஆஸ்தான வாசகி