ஜெபச் சீட்டில் உன் பெயர்

பாளையங்கோட்டை,
ஜூலை 20, ஞாயிறு மத்தியானம்.

அன்பு மகள் எபிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அம்மாவும் இங்கே சுகம். அங்கே அயர்லாந்தில் நீயும் மாப்பிள்ளை ரெக்சனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன் என்றுதான் இத்தனை வருஷமும் எழுதி வந்தேன், இந்தத் தடவை நீ சுகமாக இல்லை என்று தெரிந்தே எழுதுகிறேன். போனில் சொல்லலாமே என்று நினைப்பாய். அம்மாவிடமிருந்து நான் போனை வாங்கியதும் உனக்கு நெட்வொர்க் போய்விடுகிறது, எட்டு மாதமாக அப்படித்தான், 'சாப்பிட்டீங்களாப்பா' என்று ஒரு வார்த்தை, அதோடு சரி. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. கடிதம் என்றால் பிடிக்காத இடத்தில் மடித்து வைத்துவிட்டு நாளைக்கோ அடுத்த மாதமோ எடுத்துப் படிக்கலாம் அல்லவா, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

பாபநாசத்தில் கார் பருவ நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்துவிட்டார்கள், வீட்டுக்குப் பின்னால் கால்வாய் நிறைந்து போகிறது. மேற்கே நல்ல சாரல், இங்கே மழை விழவில்லை, காற்று மட்டும் ஈரமாக வருகிறது. அந்தக் காற்றில் நம் முருங்கை மரம் பாதியாக ஒடிந்து விழுந்துவிட்டது, உன் அம்மா அதற்கு ஒரு நாள் முழுக்கத் துக்கம் கொண்டாடினாள், மறுநாள் அந்தக் கீரையைத் தெரு முழுக்கக் கொடுத்துவிட்டாள். அவளுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. நான் மத்தியானம் சாப்பிட்டபின் பின்வாசலில் நாற்காலியைப் போட்டு உட்காருகிறேன். தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தால் கண் தானாகச் சொருகிவிடுகிறது, அது தூக்கமும் இல்லை விழிப்பும் இல்லை. அந்த நேரத்தில் நீ வருகிறாய். பதின்மூன்று வயசு, பள்ளிக்கூடச் சீருடை, நடுவீட்டில் சிமென்ட் தரையில் கன்னத்தை வைத்துச் சுருண்டு கிடக்கிறாய், தரை குளுமையாக இருக்கிறது என்கிறாய். நான் ராதாபுரம் தாலுகா ஆபீசுக்கு ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் உன்னைத் தாண்டிப் போகிறேன், பைய எந்திரிச்சுக் கஞ்சியக் குடி மக்கா, எல்லாம் சரியாப் போயிரும் என்று சொல்லிக்கொண்டே செருப்பைத் தேடுகிறேன். நிஜத்தில் எத்தனை தடவை அப்படித் தாண்டிப் போயிருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை. கனவில் மட்டும் போகாமல் உன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறேன், உட்கார்ந்ததும் விழிப்பு வந்துவிடுகிறது.

மாப்பிள்ளை போன மாதம் எனக்குத் தனியாகப் போன் போட்டார். அக்டோபர் முதல் வாரம் உனக்கு இரண்டாவது ஆபரேஷன் என்றும், ஊரிலிருந்து ஒருத்தரும் வரக்கூடாது என்று நீ கண்டிப்பாகச் சொல்லிவிட்டாய் என்றும் சொன்னார். ஏன் மாப்பிள்ளை என்று கேட்டேன். வருத்தப்படாதிய மாமா, அவ சொன்னத அப்படியே சொல்லுதேன், 'எங்கப்பா மைக்குல வாசிச்சப்ப ஊருக்கெல்லாம் நான் வெறும் வயிறாத்தான் தெரிஞ்சேன், எனக்கு வலிக்கின்னு அங்கன ஒருத்தருக்கும் தெரியல' அப்படிங்கா என்றார்.

எபி, எட்டு மாதத்துக்கு முன் நீ ஊருக்கு வந்திருந்தபோது நடந்த அந்த அசனப் பண்டிகையை, அந்தச் சபை விருந்தை, இப்போது நான் தினமும் நினைக்கிறேன். கோயில் மைதானத்தில் பந்தி விரித்து, ஊரே வரிசையாகச் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறது. சோறு விழுவதற்கு முன் வருஷத்து விண்ணப்பங்களை எல்லாம் சபைச் செயலாளர் வாசிக்க வேண்டும், அந்தச் செயலாளர் நான். 'எப்சிபா ரெக்சன், கர்ப்பத்தின் கனிக்காக' என்று ஒலிபெருக்கியில் வாசித்தேன். நாலு வருஷமாக ஞாயிறுதோறும் வாசித்துப் பழகிய வரி, நீ அயர்லாந்தில் இருந்ததால் உன் காதில் விழாத வரி. அன்றைக்கு முதல் பந்தியில் நீ உட்கார்ந்திருந்தாய். பரிமாற வந்த அக்கா உன் இலையில் இன்னும் ரெண்டு துண்டு கறியைப் போட்டு, தின்னுட்டி, அடுத்த அசனத்துக்கு ரெண்டு பேருக்குச் சேர்த்துத் தின்னணும்லா என்றாளாம். நீ இலையை மடிக்காமல் எழுந்து போனது எனக்கு மைக்குக்குப் பின்னாலிருந்து தெரிந்தது. கூச்சத்தில் போகிறாய் என்று நினைத்துக்கொண்டு அடுத்த பெயரை வாசித்தேன். அன்று உனக்கு இடுப்பிலிருந்து கால் வரை வலித்துக்கொண்டிருந்தது, மாத்திரை போட்டுக்கொண்டு என் மானத்துக்காகத்தான் பந்தியில் வந்து உட்கார்ந்தாய் என்று மாப்பிள்ளை சொல்லித்தான் தெரியும்.

அந்த வரியை அப்படி எழுதச் சொன்னது உன் அம்மா இல்லை, இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். 'எபி உடம்புக்காக'ன்னு மட்டும் எழுதுங்க என்றுதான் உன் அம்மா ஜெபகனி சொன்னாள். நான்தான் கேட்கவில்லை. முப்பத்தாறு வருஷம் மனு வாங்கிய கை அல்லவா, என்ன வேண்டும் என்று தெளிவாக எழுதாத மனுவை நான் எத்தனையோ தடவை திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஆண்டவரிடத்தில் போகிற மனுவும் தெளிவாக இருக்கட்டும் என்று நானே ஜெபச் சீட்டை நிரப்பினேன். மனு யாருடையதோ அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று தாலுகா ஆபீசில் எனக்குத் தெரியும், என் வீட்டில் தெரியவில்லை. உனக்குக் குழந்தை வேண்டுமா வேண்டாமா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை, இப்போதும் கேட்கவில்லை.

இதற்கு நடுவில் ஒன்று நடந்தது. நம் பாடகர் குழுவில் ஆல்ட்டோ என்கிற கீழ்க்குரல் பாடுகிற பெனிஷாவை உனக்கு நன்றாகத் தெரியும், எவ்வளவு நன்றாக என்று எனக்குத்தான் தெரியாமல் இருந்தது. மாதத்தில் ஒரு ஞாயிறு, சில மாதம் இரண்டு ஞாயிறு அவள் வருவதில்லை. 'காரணமின்றி வரவில்லை' என்று எழுதி அவள் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம் அவள் பின்வாசல் வழியாக வந்தாள், நான் கண்சொருகி இருந்தேன், கனவில் நீதான் வளர்ந்து வந்து நிற்கிறாய் என்று நினைத்தேன். அவள் உட்காரவில்லை. மாமா, காரணம் கேக்காமலே காரணமில்லன்னு எழுதிட்டியளே, எபி அக்காவுக்கு உள்ளதுதான் எனக்கும், நின்னு பாட முடியாது என்றாள். மூணு வருசமா வாயுன்னும் அல்சருன்னும் மாத்திரை குடுத்தாவ, கலியாணம் ஆனாச் சரியாயிரும்ன்னும் சொன்னாவ, அக்காதான் போன்ல கேட்டுக் கேட்டு ஸ்கேன் எடுக்க வச்சா என்றாள். வாரத்துக்கு ஒரு மணி நேரம் நீ அவளோடு பேசுகிறாயாமே. அவளுக்கு மட்டும் நெட்வொர்க் எப்படிக் கிடைக்கிறது என்று எனக்குப் பொறாமையாக இருந்தது, பொய் சொல்லவில்லை. அவள் போனபிறகு சந்தோஷமாகவும் இருந்தது, அழுகையும் வந்தது. கருப்பைக்கு உள்ளே இருக்க வேண்டியது போன்ற சதை வெளியே வளர்ந்து, மாதாமாதம் புண்ணாகி, குடலும் மற்றதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்று அவள்தான் எனக்குப் புரியும்படி சொன்னாள். எண்டோமெட்ரியோசிஸ் என்ற அந்தப் பெயரை இரண்டு வருஷம் முன்பே நீ போனில் சொன்னாய், நான் ஒரு தாளில் குறித்து வைத்தேன், அதோடு என் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

உன் கதை ஒன்றையும் அவளிடமிருந்துதான் கேட்டேன். போன குளிர்காலத்தில் நீ மூன்று நாள் எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது, உன்னோடு வேலை பார்க்கிற பெண் ஒருத்தி வந்து, ஒன்றும் கேட்காமல் தொட்டியில் கிடந்த பாத்திரத்தை எல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வெந்நீர்ப் பையை நிரப்பி உன் பக்கத்தில் வைத்துவிட்டு, உன் கட்டில் காலடியில் உட்கார்ந்து பின்னல் பின்னிக்கொண்டிருந்தாளாம். அன்றைக்கு வலி குறையவில்லை, ஆனாலும் தாங்க முடிந்தது என்று நீ பெனிஷாவிடம் சொன்னாயாம். அந்தப் பெண்ணின் பெயர்கூட எனக்குத் தெரியாது, ஆனால் இப்போது என் ஜெபத்தில் அவளும் வருகிறாள், மனதுக்குள்தான், வாய்விட்டு இல்லை. இதை உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து இன்னொரு தடவை சொல்லுங்க என்றாள். மூன்று தடவை சொல்ல வைத்தாள்.

பெனிஷா வந்துபோன மறு ஞாயிறு நான் ஒரு பெரிய காரியம் செய்வதாக முடிவு பண்ணியிருந்தேன். மைக்கில் நின்று, நாலு வருஷம் தவறாக வாசித்துவிட்டேன், என் மகளுக்கு இருப்பது இன்ன வியாதி, இன்ன வலி என்று சபையார் எல்லாருக்கும் அறிவிப்பது. இரண்டு பக்கம் எழுதி மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். நல்லவேளை, அதைக் கோயில் வாசலில் பெனிஷாவிடம் பெருமையாகக் காட்டினேன். அவள் படித்துவிட்டு, நல்லா எழுதியிருக்கிய மாமா, இதையாவது அக்காட்டக் கேட்டியளா என்றாள். மறுபடியும் அதே தப்பைத்தான், இன்னும் நல்ல தமிழில் செய்யப் பார்த்திருக்கிறேன். அந்தத் தாளை அங்கேயே கிழித்துவிட்டேன். விண்ணப்ப நேரத்தில் உன் பெயர் வந்த இடத்தில் நிறுத்தி, மூச்சை விட்டுவிட்டு, அடுத்த பெயருக்குப் போனேன்.

அதற்கே ஊர் சும்மா இருக்குமா? ஆராதனை முடிந்ததும் நாலைந்து பேர் சிரித்த முகத்தோடு வந்து சூழ்ந்துகொண்டார்கள், எபி பேர விட்டுட்டியளே அண்ணாச்சி, விசேஷமா என்று. நாற்பது வருஷமாகக் கோயிலில் 'ஆமென்' தவிர வாய் திறக்காத உன் அம்மா முன்னால் வந்து நின்றாள். விசேஷமும் இல்ல, குறையும் இல்ல, எம்மகளுக்கு மேலுக்குச் சுகமில்ல, எதும் கேக்கணும்னா எங்கிட்டக் கேளுங்க, அவகிட்டக் கேட்டியன்னா நான் மனுசியா இருக்கமாட்டேன் என்று சொன்னாள். அவ்வளவு சொன்னதும் உன்னைக் கேட்காமல் சொன்னதுதான், அதற்காக ராத்திரி ஜெபத்தில் தனியாக மன்னிப்புக் கேட்டாள். பெனிஷாவின் பெயரைத் திரும்பவும் சேர்த்துவிட்டேன், ஆல்ட்டோ வரிசையில் ஒரு நாற்காலியும் போட்டாகிவிட்டது, முடியாத அன்றைக்கு உட்கார்ந்தே பாடுகிறாள். போன வாரம் இன்னொரு பிள்ளை என்னிடம் வந்து, இன்னொரு நாற்காலி கிடைக்குமா மாமா என்று மெதுவாகக் கேட்டாள். நான் ஏன் என்று கேட்காமல் போய் எடுத்துவந்து போட்டேன்.

நேற்று மத்தியானம் வேறொரு கனவு. நம் கோயிலுக்குள் ஆறு வந்துவிட்டது. ஒருத்தரும் பயப்படவில்லை, எல்லாரும் முழங்கால் தண்ணீரில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள், ஜன்னல் வெளிச்சம் தண்ணீரில் விழுந்து கூரையில் ஆடுகிறது. என் கையில் சீட்டுகள், எல்லாம் நனைந்து மை கரைந்துவிட்டது, ஒரு பெயரும் வாசிக்க முடியவில்லை. நான் தவித்துப்போய்ச் சபையைப் பார்க்கிறேன். கடைசிப் பெஞ்சில் நீ பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் காலை ஆட்டியபடி இருக்கிறாய், ஒன்றும் வாசிக்க வேண்டாம், வந்து உட்காருங்கப்பா என்கிறாய். நான் வேட்டி நனைய நடந்து வருகிறேன், தண்ணீர் தரையைப் போலவே குளுமையாக இருக்கிறது. விழித்தபோது கால்வாய் ஓடிக்கொண்டிருந்தது, உன் அம்மா காப்பி கொண்டுவந்தாள். அந்தக் காப்பியைக் குடித்துவிட்டுத்தான் இந்தக் கடிதம் எழுதுவது என்று முடிவு செய்தேன்.

விசாவுக்கு வேண்டிய அழைப்புக் கடிதத்தை உனக்குத் தெரியாமல் அனுப்பட்டுமா என்று மாப்பிள்ளை கேட்டார். வேண்டாம், அவள் சொல்லட்டும் என்றேன், இந்த ஒன்றிலாவது நான் முந்திக்கொள்ளவில்லை. வரச் சொன்னால் நானும் அம்மாவும் வருகிறோம். பாத்திரம் கழுவுவேன், எனக்குத் தெரியும். கட்டில் காலடியில் உட்காருவேன், பின்னல் தெரியாது, பேப்பர் படிப்பேன். அம்மா நாட்டு மருந்து எதுவும் அரைக்கமாட்டாள், சத்தியம் வாங்கியிருக்கிறேன், கருப்பட்டி மட்டும் ஒரு பொட்டலம் கட்டி வைத்திருக்கிறாள். வேண்டாம் என்றால் வரமாட்டோம், அதற்காக உன்மேல் ஒரு மனத்தாங்கலும் வராது. ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், உன் படுக்கையை இளக்கமாக்கட்டும், உன் பக்கத்தில் இருக்கிறவர்களை ஆசீர்வதிக்கட்டும். மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். வெந்நீர்ப் பையைத் துணி சுற்றாமல் வயிற்றில் வைக்காதே, தோல் வெந்துபோகும்.

கடைசியாக ஒரு ஞாபகமூட்டல். கவருக்குள் நம் கோயில் ஜெபச் சீட்டு ஒன்று வைத்திருக்கிறேன், கீழே விழுந்துவிடாமல் பார்த்து எடு. பெயர் என்ற இடத்தில் இந்தத் தடவை என் பெயரை எழுதியிருக்கிறேன். விண்ணப்பம் என்ற இடம் காலியாக இருக்கிறது. உன் அப்பாவுக்காக என்ன கேட்க வேண்டும் என்று நீ எழுதி அனுப்பு, நீ எழுதினபடியே வாசிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா,
ஜேசுதாசன்