அப்பாவுக்கு வைத்த கடல்தண்ணீர்

ஜன. 12, திங்கள்
மழை. போன கிழமை விழுந்த கொஞ்சப் பனியும் போய்விட்டது. பகல் முழுதும் படகில். ஏரியின் அடிவரை அளவுக்கருவியை இறக்கினோம். மேல்தண்ணீர் இந்த ஆண்டும் போதிய அளவு குளிரவில்லை. குளிர்ந்தால்தான் கனத்துக் கீழே போகும், அடித்தண்ணீருக்கு மூச்சு கிடைக்கும். ஏரி முழுதாகப் புரண்டு பல குளிர்காலம் ஆயிற்று. கீழே போனது கீழேயே.

இதே தண்ணீரில்தான் வரும் ஞாயிறு அப்பாவின் சாம்பல். கடலில் கரைக்கச் சொன்னவர். அம்மாவின் முழங்காலோடு ஊர்ப்பயணம் நடக்காது. மாமா ஊரில் கீரிமலைக் கடற்கரையிலிருந்து ஒரு போத்தல் கடல்தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார். முதலில் அதை ஏரியில் ஊற்றிவிட்டுக் கரைப்பது என்று அம்மாவின் முடிவு.

ஆய்வுகூடம் பூட்டிவிட்டார்கள். ஏரித்தண்ணீர் எடுத்த மாதிரிப் போத்தல்கள் வீட்டு ஃப்ரிட்ஜில். பால் வாங்க மறதி.

ஜன. 13, செவ்வாய்
மூட்டம். ஒரு போத்தலில் லேபிள் இல்லை. மழையில் கழன்றிருக்கும். அளந்தால் உப்பு எக்கச்சக்கம். பனி உருக வீதிக்குப் போடும் உப்பு கரைந்து ஏரிக்கு வருவதுதான், ஆனால் இவ்வளவு வராது. யாரோ கழுவாமல் விட்ட போத்தல். ஊற்றிக் கழுவி வைத்தேன். தடிமன், மூக்கடைப்பு.

ஜன. 14, புதன்
அம்மா ஃப்ரிட்ஜைக் குடைந்துகொண்டிருந்தார். மாமாவின் போத்தல் ஒழுகியதாம். மேசையில் கிடந்த என் வெறும் போத்தலுக்கு மாற்றி வைத்தாராம்.

"கடல்தண்ணியைக் கண்டனியோ தம்பி?"

இல்லை என்றேன். மண்டையில் என்னதான் இருக்கிறது எனக்கு? அப்பாவின் கடலைக் கழுவுதொட்டியில் ஊற்றியிருக்கிறேன்.

ஜன. 17, சனி
அம்மா கடைக்குப் போன நேரம், சமையலறைத் தராசு, உப்பு, குழாய்த் தண்ணீர். கடலின் உப்பளவு எனக்குப் பாடம். அச்சாகக் கடல்தண்ணீர். பார்த்துக்கொண்டே நின்றேன். சீ என்று வந்தது. அதையும் கழுவுதொட்டியில் ஊற்றிவிட்டேன்.

ஜன. 18, ஞாயிறு
கடுங்குளிர், வடகிழக்குக் காற்று. கரையில் அம்மா, மாமா, நான். போத்தல் கிடைத்ததா என்று மாமா கேட்டார். சொல்லிவிட்டேன், ஒன்றும் மறைக்காமல். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா ஏரியைக் காட்டினார்.

"பிரஷரெண்டு கடைசிமட்டும் உப்பில்லாமத்தானே சாப்பிட்டவர். இந்தத் தண்ணியே அவருக்குக் காணும், போதும்."

சாம்பல் கட்டிய வெள்ளைத் துணியின் முடிச்சு. எனக்குக் கை வரவில்லை. அம்மாதான் அவிழ்த்தார்.