உணர்வு என்னும் கட்டம்

அன்புள்ள அமுதவல்லிக்கு,

நான் நலம். தென்காசியில் சாரல் தொடங்கிவிட்டதா? அம்மாவின் மூட்டுவலி குறைந்ததா என்று எழுதவும்.

திருவண்ணாமலை ஓவியக் காப்பகத்தில் வேலை முடிந்தபாடில்லை. ஒவ்வொரு படத்தையும் பொருள், உணர்வு, பாணி என வகைப்படுத்த வேண்டும். பொருளும் பாணியும் விதிக்குள் அடங்கிவிடுகின்றன. உணர்வு என்னும் கட்டத்தை நிரப்புவதுதான் களைப்படையச் செய்கிறது.

நேற்று ஒரு படம் வந்தது. பேருந்து நிலைய இருக்கையில் என் வயதுள்ள ஒருவர் அமர்ந்திருக்கிறார். கண்ணீர் இல்லை, நெற்றியில் சுருக்கமும் இல்லை; ஆகவே ‘அமைதி’ என்று பதிந்தேன். உடன் பணிபுரியும் ஆஃப்ஷீன் சிரித்துவிட்டாள்.

“எல்லாத்துக்கும் அமைதினே போடுறீங்க சார். அவர் கையில பையே இல்ல பாருங்க. எங்கயும் போறவர் இல்ல, யாராவது வருவாங்களானு உக்காந்திருக்கார்.”

எந்த விதிப்படி அப்படிச் சொல்கிறாய் என்று கேட்டேன்.

“விதி எதுக்கு சார்? ஞாயித்துக்கெழம நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டுல உங்களயே அப்படித்தான பாத்தேன்.”

தேநீர் அருந்தச் சென்றதாகச் சொன்னேன். பிறகு பதிவை ‘ஏக்கம்’ என்று திருத்திவிட்டேன். இதைப் பெரிதாக எண்ணாதே.

வீண் அலைச்சல், வரவேண்டாம் என்று முன்பு எழுதியிருந்தேன். என் தங்கை அம்மாவைப் பார்த்துக்கொள்வாளானால், நீ ஒரு வாரம் வந்து போகலாம். பௌர்ணமியை மட்டும் தவிர். கிரிவலக் கூட்டத்தில் ஆட்டோ கிடைக்காது. நாரத்தங்காய் ஊறுகாய் கொஞ்சம் எடுத்து வா.

அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது. விருந்தினர் பெயரை வீட்டு உரிமையாளரிடம் முன்கூட்டியே தர வேண்டும் என்பது இங்கே விதி. உன் பெயரை இன்று காலையே கொடுத்துவிட்டேன்.

உன்,
சிவப்பிரகாசம்