திரும்பிப் பார்க்காமல் நடங்கள்

1943 ஜூன் 14, திங்கள்
லீவில் வந்திருக்கும் பட்டாளத்து மில்லர் துரையைச் சாலைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனேன். தாயாருக்கு ஏதாவது வாங்கவேண்டுமாம். வழக்கமான பாடத்தைச் சொல்லிக்கொடுத்தேன். பிடித்த சாமானைக் கையில் எடுக்காதீர்கள். முகத்தைச் சுளியுங்கள். சொன்ன விலையில் பாதி கேளுங்கள். தரமாட்டேன் என்றால் திரும்பிப் பார்க்காமல் நடங்கள், கடைக்காரன் தானே கூப்பிடுவான். விளக்குக் கடையில் அப்படியே நடந்தது. துரைக்கு ஒரே குஷி. எனக்கும் கொஞ்சம் தலைக்கனம்தான். அரிசி கிடைக்காத இந்தக் காலத்தில் என் வீட்டில் உலை கொதிப்பது துரைமாருக்கு வழிகாட்டிப் பேசும் இந்த நாக்கால் அல்லவா?

ஜூன் 16, புதன்
பின்வீட்டு எலிசாள் வந்து நின்றாள். நெய்யூர்ப் பக்கத்துக்காரி. புருஷன் பர்மாவுக்குப் போனவன், தகவலே இல்லை. பிள்ளை ராகேலுக்குக் குளிர்காய்ச்சல். கொயினா மருந்து கள்ளச் சந்தையில்தான் இருக்கிறது. கையில் ஒரு மேஜை விரிப்பு, சுற்றிலும் அவளே நூலில் பின்னிய வெள்ளை ரேந்தைப் பூவேலை.
"அண்ணாச்சி, அந்த வெள்ளைக்காரரைக் கொஞ்சம் கூட்டிட்டு வாருங்க. மருந்துக்குள்ளது கிடைச்சாப் போதும்."
நாளைக்கு என்றேன்.

ஜூன் 17, வியாழன்
எழுதவே பிடிக்கவில்லை.
துரைக்கு விரிப்பு பிடித்துவிட்டது, கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் முகத்தைச் சுளித்தார். எலிசாள் மருந்தின் விலையைத்தான் சொன்னாள், ஒரு சல்லி கூட்டவில்லை. அவர் பாதி கேட்டார். பாதிப் பணத்துக்குப் பாதி மருந்தா கொடுப்பான்? அவள் முடியாது என்று தலையை ஆட்டினாள். துரை எழுந்து நடந்தார்.
கூப்பிடுவாள் கூப்பிடுவாள் என்று நின்றேன். அவள் என்ன வியாபாரியா? அவருக்குப் பிடிக்கவில்லை என்று எண்ணி மடித்து வைத்துவிட்டாள்.
நான் அங்கேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். விற்கிறவள் பக்கம் பேசினேன் என்று துரைமார் தங்கும் முசாபரி பங்களாவில் தெரிந்தால் நாளைக்கு எவன் என்னைக் கூப்பிடுவான்? அவள் கேட்டது நியாயமான விலைதான் என்று வழியில் மெல்லச் சொன்னேன். "கூப்பிடுவாள் என்று நீதானே சொன்னாய்" என்று சிரித்தார்.
சுப்புலக்ஷ்மி கிண்ணத்தில் கஞ்சியை ஊற்றாமல் கேட்டாள்: "அப்போ வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?" பெண்டாட்டி என்றாலும் நியாயம் அவள் பக்கம்.

ஜூன் 18
துரை கன்னியாகுமரி போய்விட்டார். ஞாயிறுதான் வருவார். ராகேலுக்கு ஜன்னி. தெரிந்தவர்களிடமெல்லாம் கடன் கேட்டேன். எல்லாரும் கையை விரித்தார்கள்.

ஜூன் 19
விடியும்போது போய்விட்டது. நாலு வயசுப் பிள்ளை. கர்த்தரே என்று அவள் கத்தினது இன்னும் காதில்— பாவி நான்.

ஜூன் 20, ஞாயிறு
துரை வந்தார். "அவள் கூப்பிடவே இல்லையே. சரி, கேட்டதையே கொடுக்கிறேன், வா" என்றார். பிள்ளை போனதைச் சொல்லாமலே பின்னாலேயே போனேன். எலிசாள் தரையில் உட்கார்ந்திருந்தாள். விரிப்பைக் கேட்க வந்திருக்கிறார் என்றேன்.
"அது இல்ல அண்ணாச்சி. பிள்ளைய அதுல பொதிஞ்சுதான் அடக்கம் பண்ணினேன். வேற நல்ல துணி எங்கிட்ட இல்லல்லா."
என்ன சொல்கிறாள் என்றார் துரை.
விற்றுப்போய்விட்டதாம் என்றேன்.
"அடடா" என்றார். "எவ்வளவுக்கு?"