லைப்ரரி மாறியதில் போன விசாரணை

மே 17, வியாழன் இரவு

இன்னும் கோபம் அடங்கவில்லை. இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களுக்கான பட்டா விசாரணை கொடைக்கானலில் இல்லை, அடுக்கம் கிராமத்துக்கு மாறிவிட்டது என்று நேற்றே எங்கள் செய்தி இணையதளத்தில் எழுதினேன். இன்று காலை அவர்கள் கொடைக்கானலில் பூட்டிய அலுவலக வாசலில் நின்றார்கள்.

"மகன் பிரவுசிங் சென்டர்ல போய்ப் பாத்தானுங்க ஐயா. எழுத்தெல்லாம் கட்டங்கட்டமாக் கெடந்துச்சாம்," என்றார் அங்கே நின்றவர்களில் ஒருவரான மாரியாயி.

அடுக்கத்தில் அதிகாரி, யாரும் வரவில்லை என்று எழுதிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

தளத்தைக் கவனிக்கும் சரவணனிடம் போனேன். எங்கள் முதலாளிக்குச் சொந்தமான லாட்ஜின் புக்கிங் பக்கமும் இதே தளத்தில்தான்; அதற்காக லைப்ரரி என்கிற நிரல் தொகுப்பு ஒன்றின் புது வெர்ஷனை நேற்று ஏற்றியிருக்கிறான். செய்திப் பக்கத்தில், நாங்கள் அடிக்கும் தமிழ் எழுத்தை எல்லாக் கணினியிலும் தெரியும்படி மாற்றித் தரும் ஸ்கிரிப்ட் என்ற சிறு நிரல் அதன் பழைய வெர்ஷனில்தான் ஓடும்.

"ரெண்டையும் வச்சுக்க முடியாதாய்யா?"

"முடியும் சார். தனித்தனி ஃபோல்டர்ல போட்டு, எது வேணும்னு ஸ்கிரிப்ட்ல ஒரு வரி மாத்தணும். அம்புட்டுதான்."

"அப்பறம் ஏன் செய்யல?"

"சீசன் புக்கிங், வெரசா முடின்னு முதலாளி தலைமேல நின்னாரு சார். செய்திய நாளைக்குப் பாத்துக்கலாம்னாரு."

என் கண்முன்னேயே அந்த வரியை மாற்றினான். டீ ஆறுவதற்குள் செய்தி தெளிவாகத் தெரிந்தது. இனி அதை யார் படித்து என்ன?

விசாரணைக்கு மக்கள் வராமல் போனதற்கு எங்கள் தளம்தான் காரணம் என்று நாளை எழுதப்போகிறேன். முதலாளி அதை எடுக்கச் சொன்னால், என் பெயரையும் சேர்த்தே எடுக்கட்டும்.